ஊருக்குள் வேலை எங்கே இருக்கிறது? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: என்ன படித்தால் யாழ்ப்பாணத்தில் வேலை கிடைக்கும்? எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை. நான்கை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி (சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்): மகள் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். கனடாவில் இருக்கும் என் அண்ணா ஐரி படிக்கட்டும் என்கிறார், பக்கத்து வீட்டு ரீச்சர் நேர்சிங் என்கிறார், இவளுக்கோ கணக்கியல்தான் பிடிக்கும். மாவட்டத்தில் வேலையின்மை இத்தனை வீதம் என்று பேப்பரில் போடுகிறார்களே, அதைப் பார்த்து முடிவெடுக்கலாமா?

பதில்: அந்த வீதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள் அம்மா. கணக்கு சரிதான், ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் தொழிற்படை ஆய்வு என்று ஒன்று நடத்துகிறது. மூன்று மாதத்துக்கொரு முறையும், வருடக் கடைசிக்கென்று ஒன்றுமாக அறிக்கை வரும். அதில் முந்திய ஒரு வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலே ஒருவர் தொழில் புரிபவர். சம்பளம் வாங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்பாவின் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிப் பிடி கட்டிக் கொடுத்த பிள்ளையும் தொழில் புரிபவர்தான். மறுபக்கம், இனித் தேடிப் பிரயோசனமில்லை என்று வீட்டோடு இருந்துவிட்ட பட்டதாரிப் பெண் வேலையற்றவர் பட்டியலில் வரவே மாட்டார், அவர் தொழிற்படைக்கே, அதாவது வேலை செய்கிறவர், தேடுகிறவர் என்ற கணக்குக்கே, வெளியே. நாடு முழுவதும் எடுத்தால் வேலை செய்கிற அல்லது வேலை தேடுகிற பெண்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே வீதம் குறைந்தால் வேலை கூடிவிட்டது என்று இல்லை, தேடுகிற ஆட்கள் களைத்துப்போய் விட்டிருக்கவும் கூடும்.

இன்னொன்று, இது எல்லா வீட்டையும் எண்ணுவதில்லை, சில வீடுகளைத் தெரிந்தெடுத்துக் கேட்கும் ஆய்வு. நாடு முழுவதும் வருடத்துக்குச் சுமார் 25,000 வீடுகள், மாவட்டங்கள் 25. சராசரியாகப் பார்த்தால் ஒரு மாவட்டத்துக்கு ஆயிரம் வீடு, அந்த வீடுகளில் வேலையற்றவர் என்று அகப்படுவோர் சில பத்துப் பேர். அந்தச் சில பத்தை வைத்து, போன வருடத்தைவிட ஒரு வீதம் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று தலைப்புப் போடுவதைக் கண்டால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். நாலைந்து வருடத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

அதே வருட அறிக்கையில், யாரும் தலைப்புப் போடாத இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன, எனக்கு அவைதான் பெரிது. மாவட்டத்தில் எத்தனை பேர் விவசாயத்தில், எத்தனை பேர் கைத்தொழிலில், எத்தனை பேர் சேவைத் துறையில் என்பது ஒன்று. அரசாங்கச் சம்பளம், தனியார் சம்பளம், சொந்தத் தொழில், சம்பளமில்லாத குடும்ப வேலை என்று பிரிப்பது மற்றது. மகளுக்கு யார் சம்பளம் தரக்கூடும் என்பதை இவை காட்டும். கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், வெளியிடும் மாவட்டப் புள்ளிவிபரக் கைநூலும் உதவும், எத்தனை பாங்க் கிளைகள், எத்தனை கூட்டுறவுச் சங்கங்கள் என்ற மாதிரி விபரங்களுக்கு.

இப்போது கணக்கியலுக்கு வருவோம். துறை வேறு, வேலை வேறு. "யாழ்ப்பாணத்தில் எந்தத் துறை வளருகிறது?" என்று கேட்டுக்கொண்டு போனால் ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று பதில் வரும், உங்கள் மகளுக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றும். ஆனால் கணக்கெழுத ஒருவர் இல்லாமல் ஹோட்டலும் ஓடாது, தனியார் ஆஸ்பத்திரியும் ஓடாது, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமும் ஓடாது, காங்கேசன்துறை வீதி ஹாட்வெயார்க் கடையும் ஓடாது. ஒரு துறை படுத்தாலும் இன்னொன்றுக்குத் தாவலாம். பிள்ளைக்குப் பிடித்த பாடத்துக்கு இப்படி ஒரு பலம் இருக்கும்போது அதை விட்டு இழுக்கப் பார்ப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. குருநகரில் இருக்கும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது, ஏஏரி (AAT) என்ற கணக்கியல் தொழில்முறைப் பரீட்சையும் இருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது.

ரீச்சர் சொன்ன நேர்சிங்குக்கு அரசாங்கத்தில் பொதுவாக விஞ்ஞானப் பாடங்கள் கேட்பார்கள். வர்த்தமானி அறிவித்தலைப் பார்க்காமல் அதில் ஆசை வைக்க வேண்டாம். உங்கள் அண்ணா சொல்லும் ஐரி கெட்ட யோசனை இல்லை, ஆனால் அவர் பார்க்கும் சந்தை ரொறன்ரோவில் இருக்கிறது. இங்கே இருந்துகொண்டு வெளியூருக்கு வேலை செய்யலாம் என்றால், உங்கள் மகளுக்குப் போட்டி திருநெல்வேலிப் பிள்ளையோடு இல்லை, கொழும்பு, சென்னைப் பிள்ளைகளோடு. அதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் சரி.

பெறுபேறு வரும்வரை மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். உள்ளூர்ப் பத்திரிகைகளில் வரும் ஆட்தேவை விளம்பரங்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும்: என்ன பதவி, என்ன தகைமை, எந்த ஊர், எவ்வளவு சம்பளம். சம்பளம் போடாவிட்டால் "போடவில்லை" என்றே எழுத வேண்டும், அதுவும் ஒரு தகவல்தான். இரண்டு மூன்று மாதத்தில் எந்தத் தகைமை திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது என்று தெரிந்துவிடும். கணக்காளர் உதவியாளர் விளம்பரங்களில் எத்தனை, கொம்பியூட்டரில் கணக்குப் போடத் தெரிய வேண்டும் என்று சொல்கின்றன, எத்தனை சிங்களம் கேட்கின்றன என்று எண்ணிப் பார்க்கட்டும். ஒரே இடத்தின் விளம்பரம் கோயில் கொடியேற்றம் மாதிரித் தவறாமல் வந்துகொண்டிருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: நிறுவனம் வளருகிறது, அல்லது அங்கே ஒருவரும் நிற்கிறார்கள் இல்லை. எது என்று அங்கே வேலை செய்துவிட்டு வந்த ஒருவரைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி (நெல்லியடியிலிருந்து, வயது 17): சாதாரண தரத்தில் கணிதம் போய்விட்டது. ஏசி, பிரிட்ஜ் திருத்தப் பழகுவதா, மோட்டார் சைக்கிள் மெக்கானிக் வேலையா என்று இரண்டு மனம். அப்பா மேசன். "எங்கட வேலைக்கு ஆளே இல்லை, என்னோட வா" என்கிறார். எங்கே விசாரிப்பது?

பதில்: தம்பி, உமக்கு மாவட்டக் கணக்கும் பெரிய கணக்கு. யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள். நெடுந்தீவும் நல்லூரும் அந்த ஒரே எண்ணுக்குள் கிடக்கின்றன. உமக்கு வேண்டியது பருத்தித்துறை, நெல்லியடி, அச்சுவேலி, மிஞ்சினால் யாழ்ப்பாண ரவுண். பஸ்ஸில் காலையில் போய்ப் பின்னேரம் வரக்கூடிய தூரம். அந்தக் கணக்கை ஒருவரும் அச்சடித்து வைத்திருக்கவில்லை, நீர்தான் எடுக்க வேண்டும்.

நெல்லியடிச் சந்தியில் தொடங்கும். ஏசி திருத்துகிற இரண்டு மூன்று இடம், மோட்டார் சைக்கிள் கராஜ் இரண்டு மூன்று. பின்னேரம் வேலை ஓய்ந்த நேரமாகப் போம், காலையில் போனால் ஒருவரும் முகம் கொடுக்க மாட்டார்கள். "வேலை இருக்கோ?" என்று கேட்க வேண்டாம், "பாப்பம் தம்பி" என்றுதான் பதில் வரும். கடைசியாக எப்போது ஆள் எடுத்தீர்கள், ஆள் கிடைக்க எத்தனை நாள் சென்றது, அவருக்கு என்ன தெரியாமல் இருந்தது, போன வருடம் என்ன சம்பளம், இப்போது என்ன சம்பளம் என்று கேளும். ஆள் பிடிக்க ஒரு கடைக்கு ஒரு நாள் போதும் என்றால் அந்த வேலைக்கு வெளியே வரிசை நிற்கிறது என்று அர்த்தம். மாதக் கணக்கில் தேடினோம் என்றால் அங்கே இடம் இருக்கிறது.

அப்பா சொல்வதையும் இதே மாதிரித்தான் அளக்க வேண்டும். ஆளில்லை என்று இப்போது சொல்லாத முதலாளி இல்லை. மேசனின் நாள் கூலி வருடத்துக்கு வருடம் மற்ற வேலைகளைவிட வேகமாக ஏறுகிறது என்றால் உண்மையாகவே ஆள் தட்டுப்பாடு. கூலி அப்படியே நிற்க, ஆளில்லை ஆளில்லை என்று மட்டும் சத்தம் வந்தால் அங்கே குறைவது ஆள் இல்லை, சம்பளம். கூலி எப்படி ஏறியது என்று அப்பாவிடமே கேளும், அவரைவிட நல்ல புள்ளிவிபரம் உமக்குக் கிடைக்காது. மேசன் வேலை காசோடு ஏறி இறங்கும் வேலை என்பதும் அவருக்குத் தெரியும். இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்குக்கு மட்டும் 46,000 வீடுகள் என்று வந்த காலம் ஒன்று, 2022 இல் சீமெந்து விலை எகிறிக் கட்டடங்கள் பாதியில் நின்ற காலம் இன்னொன்று.

என் எண்ணத்தைக் கேட்டால் ஏசிப் பக்கம் சாய்வேன். மோட்டார் சைக்கிள் கராஜ் சந்திக்குச் சந்தி இருக்கிறது, பெடியன்களும் நிறைய. ஏசி பாங்கில், ஆஸ்பத்திரியில், மண்டபங்களில், வெளிநாட்டுக்காரரின் வீடுகளில் எல்லாம் ஏறிவிட்டது. சித்திரை வெயிலிலும் நல்லூர்த் திருவிழாவுக்கு ஆட்கள் வந்திறங்கும் நேரத்திலும் திருத்துகிற ஆளைப் பிடிக்க ரெலிபோன் மேல் ரெலிபோன் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் என்ன செய்கிறார்கள் என்று அந்தக் கடைக்காரரிடமே கேட்டு வையும், வருமானம் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி வராது. நான் சொன்னேன் என்பதற்காகப் போக வேண்டாம், உம்முடைய கணக்கு வேறு சொன்னால் அதைத்தான் நம்ப வேண்டும்.

கணிதம் போனதற்காகத் தொழிற்பயிற்சிக் கதவெல்லாம் மூடவில்லை. தொழிற்பயிற்சியை மட்டம் மட்டமாகப் பிரிக்கும் தேசிய தொழில் தகைமை (NVQ) முறையில் 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். எந்தப் பாடநெறிக்கு என்ன கேட்கிறார்கள் என்பதைக் கரவெட்டியில் இருக்கும் உமது பிரதேச செயலகத்தில், மனிதவள அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேளும். தொழிற்சந்தை எப்போது நடக்கும் என்பதும் அங்கேதான் முதலில் தெரியவரும். போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போம். இத்தனை வருடம் வேலை செய்த ஒருவர் வகுப்பில் போய் இருக்காமலே, செய்து காட்டிச் சான்றிதழ் எடுக்க அந்த முறையில் வழி இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகிற எண்ணம் இல்லாவிட்டாலும் ஒப்பந்த வேலை எடுக்க உதவும்.

கேள்வி (கோப்பாயிலிருந்து ஒரு பட்டதாரி): கலைப் பட்டம் முடித்து மூன்று வருடம். அரச நியமனம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: விண்ணப்பியுங்கள், காத்திருக்காதீர்கள். பட்டதாரி நியமனம் கணக்குப் பார்த்து வருவதில்லை, ஆட்சியையும் திறைசேரியையும் பார்த்து வருகிறது. 2020 இல் நாடு முழுவதும் பல்லாயிரம் பேரை ஒரே தடவையில் பயிலுநர்களாக எடுத்தார்கள், இரண்டு வருடத்தில் சம்பளம் கொடுக்கவே அரசாங்கம் திண்டாடியது. ஓய்வு வயதை 60க்கு இறக்கியதால் 2022 கடைசியில் ஏராளமானோர் ஒன்றாக வெளியேறினார்கள். அத்தனை கதிரைக்கும் புது ஆள் எடுக்கவில்லை. வெற்றிடம் இருப்பது வேறு, அதை நிரப்ப அனுமதி வருவது வேறு.

உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையேதான் இந்த நாட்டில் வேலையின்மை வீதம் அதிகம், அதிலும் பெண்களிடையே இன்னும் அதிகம். படித்ததால் வேலை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வீட்டுச் சாப்பாட்டில் ஒரு குறித்த வேலைக்காகக் காத்திருக்கக் கூடியவர்கள் காத்திருக்கிறார்கள், கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்றால் யாரும் மூன்று வருடம் காத்திருப்பதில்லை. வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் தவறாமல் பாருங்கள், போட்டிப் பரீட்சைக்குப் படியுங்கள், அதோடு ஏதாவது ஒரு தனியார் வேலையில் ஏறுங்கள். சிங்களம் பேசப் பழகினால் அரசாங்கத்துக்கும் உதவும், தனியாருக்கும் உதவும்.

கேள்வி (சாவகச்சேரியிலிருந்து): பலாலியும் காங்கேசன்துறையும் பெரிதாக வளரப் போகிறது என்று சொல்லி விமான டிக்கெட்டிங் பாடநெறி ஒன்றுக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். தம்பியைச் சேர்க்கலாமா?

பதில்: பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது 2019 ஒக்ரோபரில். அடுத்த மார்ச்சில் கொரோனாவோடு சென்னை விமானம் நின்றது, திரும்ப வந்தது 2022 டிசம்பரில். காங்கேசன்துறைக்கு வரும் நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கிச் சில நாளிலேயே நின்று, அடுத்த வருடம் ஓகஸ்ட்டில்தான் மறுபடி ஓடியது. 2019 இல் இதே பாடநெறிக்குக் காசு கட்டிய பிள்ளை அந்த மூன்று வருடம் என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். வளர்ச்சி வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அமைச்சர் அறிவிப்பது வெற்றிடம் ஆகாது. ஒரு நாளைக்கு எத்தனை விமானம் வருகிறது, அதற்கு டிக்கெட் போட எத்தனை பேர் தேவை, ஒரு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் இந்தப் பாடநெறியை முடித்து வெளியே வருகிறார்கள் என்று தாளில் எழுதிப் பாருங்கள். ஹோட்டல் வேலை, சமையல், வாகனத் திருத்தம் போன்றவற்றைப் பழகினால் விமானம் வந்தாலும் வராவிட்டாலும் பிழைக்கலாம்.

அதற்கும் மேல் தம்பிக்கு இதுதான் ஆசை என்றால், காசு கட்டமுதல் அந்த நிலையத்தில் போன வருடம் படித்து முடித்த ஐந்து பேரோடு பேச ஒழுங்கு செய்து தரச் சொல்லுங்கள். அவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள் என்று நீங்களே கேளுங்கள். ஐந்து பேரைக் காட்ட அவர்களால் முடியாவிட்டால் காசைக் கட்டாமல் வீட்டுக்கு வாருங்கள்.