தோற்றால் கொதித்தெழும் மகன்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, மகளுக்கு 9 வயது. விளையாட்டில் தோற்கும் நிலை வந்தாலே மகன் காய்களை வாரி எறிகிறான். அக்காவை அடித்தும் விடுகிறான். மன்னிப்புக் கேட்கச் சொல்லி அதட்டினால், முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுக்கிறான். சண்டை வேண்டாமென்று, அவனுக்கு விட்டுக்கொடுத்துத் தோற்கும்படி மகளிடம் சொல்லிவருகிறேன். சென்ற வாரம் பொறுமையிழந்து நானே அவனை அடித்துவிட்டேன்; அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை. இவனை எப்படித் திருத்துவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஏமாற்றத்தைத் தாங்குவது பழகிப் பழகி வருகிற திறன். சினத்தைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயதாகும் என்பதால், கொதித்துக்கொண்டிருக்கும் 6 வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் அறிவுரை எதுவும் காதில் ஏறாது. அப்போது அவன் கையைப் பிடித்து, ‘அடிக்க விடமாட்டேன்’ என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லி அருகிலேயே இருங்கள்.

அடங்கிய பிறகு, ‘தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஏமாற்றமாக இருந்ததா?’ என்று கேளுங்கள். முகங்களில் தெரியும் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவின் கிளர்ச்சி தணிவதை 2007இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் ஓர் ஆய்வில் காட்டினர். அது பெரியவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு. ஆயினும் தன் உணர்ச்சிக்குச் சொல் கிடைத்த பிள்ளை கையை ஓங்குவது மெல்லக் குறைவதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது மகளின் நிலைதான். தம்பியின் சினத்துக்குத் தன் மகிழ்ச்சியை விலையாகக் கொடுக்க அவள் பழகுகிறாள். அவனுக்கோ, தோற்றுப் பழகும் வாய்ப்பே இல்லாமல் போகிறது. அவளை இன்றே அந்தப் பொறுப்பிலிருந்து விடுவியுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியும் விளையாட்டுகளை நீங்களும் சேர்ந்து ஆடி, தோற்கும்போது, ‘எனக்கு வருத்தம்தான், இன்னொரு முறை ஆடுவோம்’ என்று அவன் காதில் விழும்படி சொல்லுங்கள்.

வாயால் மட்டும் கேட்கும் மன்னிப்பை வற்புறுத்தாமல், சிதறிய காய்களைப் பொறுக்கவும், என்ன செய்தால் மனம் ஆறும் என்று அக்காவிடமே கேட்கவும் துணைநில்லுங்கள். நீங்கள் அடித்ததற்கு அவனிடம் சென்று, ‘அம்மா அடித்தது தவறு’ என்று சொல்லுங்கள். ‘நீ அப்படிச் செய்ததால்தான்’ என்பதை மட்டும் அதோடு சேர்க்காதீர்கள்.