ஓநாய் வாயில் ஒரு வாழ்த்து

கிருஷ்ணகிரி கிரானைட் ஆலைகளில் இத்தாலிய மெக்கானிக்குகளின் பேச்சைத் தமிழில் சொல்லிக்கொடுத்துப் பழகியவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

எங்கள் ஆலைக்குப் புது பாலிஷ் மெஷின் வந்திருக்கிறது. மாட்டிக்கொடுக்க இத்தாலியிலிருந்து ஆள் வருகிறார். செல்போன் ஆப்பில் ‘பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்’ வரை படித்துவிட்டேன். போதுமா?
– வாசகர், பர்கூர்

பையனையும் ஆப்பிளையும் விடுங்கள். வருகிறவர் வாயில் அடிக்கடி வரப்போவது ‘பியானோ, பியானோ’. மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். ‘அஸ்பெத்தா’ என்றால் கொஞ்சம் இரு. ‘நோன் ஃபுன்சியோனா’ என்றால் ஓடவில்லை. அதைக் கேட்டால் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். ‘கால்தோ’ என்றால் சூடு. இங்கிலீஷ் ‘கோல்டு’ என்று நினைத்து மோட்டாரில் கை வைத்துவிடாதீர்கள். அந்த ஊர்க் குழாயில் ‘சி’ எழுத்து இருந்தாலும் வெந்நீர்தான் வரும்.

எப்போது முடியும் என்று கேட்பீர்கள். அவர் தோளைக் குலுக்கி ‘போ’ என்பார். விரட்டுகிறார் என்று நினைக்க வேண்டாம், ‘யாருக்குத் தெரியும்’ என்கிறார். கூப்பிட்டால் ‘அர்ரீவோ’ என்பார். இன்னொரு மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டே நாம் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே, அதேதான். நம் ‘வந்துட்டேன்’ மாதிரியே அதிலும் ‘நான்’ தனியாக வேண்டாம், வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார். மரியாதைக்கு ‘லேய்’, நெருக்கத்துக்கு ‘தூ’ என்று நீங்களும் நீயும் கூட உண்டு. முதல் நாள் ‘லேய்’ போடுங்கள். நம் ஊரில் அது வசவு மாதிரிக் காதில் விழும், அதற்காகத் தயங்காதீர்கள்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி. பாலா என்றால் மண்வெட்டி, குவாரியில் லோடரையும் அப்படித்தான் சொல்வார்கள். பால்லா என்றால் பந்து. இரட்டை மெய்யெழுத்தை அழுத்திச் சொல்ல இங்கிலீஷ்காரர் திண்டாடுவார், நமக்குத் தாய்ப்பால். தகராறு வேறு இடத்தில். போதும் என்று சொல்கிற ‘பாஸ்தா’வும் சாப்பிடுகிற பாஸ்தாவும் நம் எழுத்தில் ஒன்றுதான். முன்னதற்கு ‘பஸ்’ஸில் வரும் ப, பின்னதற்கு ‘பல்’லில் வரும் ப. மாற்றிச் சொன்னால் மெஷின் நிற்காது, சாப்பாட்டுப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டுகிற ‘பாரடைசோ’ கல்லின் பெயரை அவர் ‘பாரதீசோ’ என்பார். சொர்க்கம். ஸ்லாபைக் காட்டிப் பேச்சைத் தொடங்க அது ஒன்று போதும்.

மகள் இத்தாலியில், பதுவா நகரில் மேற்படிப்பு படிக்கிறாள். பரீட்சைக்கு முன்னால் அறைத்தோழி ‘இன் போக்கா அல் லூபோ’ என்று அனுப்பியிருக்கிறாள். ‘ஓநாயின் வாயில்’ என்று செல்போன் மொழிபெயர்க்கிறது. வயிற்றைக் கலக்குகிறது.
– வாசகி, மத்தூர்

கலங்காதீர்கள் அம்மா, ‘நல்லா எழுதிட்டு வா’ என்பதுதான் அது. வாத்தியார் எதிரே உட்கார்ந்து வாயால் பதில் சொல்கிற பரீட்சைகள் அங்கே அதிகம். உள்ளே போகிற பிள்ளைகளுக்கெல்லாம் வராந்தாவில் இதே வாழ்த்துதான். நேராக வாழ்த்தினால் ஆகாது என்ற நம்பிக்கை அவர்களுக்கும் உண்டு; திருஷ்டிப் பூசணி உடைக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதிலுக்கு ‘கிராட்சியே’ என்று நன்றி சொல்வது வழக்கமில்லை. ‘கிரேபி’ என்பார்கள், அந்த ஓநாய் சாகட்டும் என்று. ஓநாய் மேல் இரக்கப்படுகிறவர்கள் இப்போது ‘விவா இல் லூபோ’, ஓநாய் வாழ்க, என்கிறார்கள். மகள் எதைச் சொன்னாலும் சரி.

‘ஒரே கல்லில் இரண்டு மாங்காய்’ இத்தாலியனில் உண்டா?
– வாசகர், போச்சம்பள்ளி

உண்டு, மாங்காய்தான் இல்லை. ‘துவே பிச்சோனி கோன் ஊனா ஃபாவா’: ஒரே ஃபாவாக் கொட்டையில் இரண்டு புறா. ஃபாவா நம் மொச்சைக்குப் பங்காளி முறை.