நியூயார்க் நர்சிங் லைசென்ஸை டெக்ஸாஸுக்கு மாற்றுவது எப்படி? மறுபடியும் தேர்வு எழுத வேண்டுமா?

தேர்வு எழுத வேண்டாம், சகோதரி. என்கிளெக்ஸ், அதாவது அமெரிக்க நர்சிங் லைசென்ஸுக்கான தேர்வு, ஒரு முறை தேறியது தேறியதுதான். மாநிலம் மாறினாலும் அது செல்லும். ஆனால் கணவருக்கு டாலஸில் வேலை உறுதியாகிவிட்டது, வீடு பார்த்த பிறகு லைசென்ஸைக் கவனிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் லைசென்ஸ், பிறகு வீடு. நானும் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நியூயார்க் வழியாக என்கிளெக்ஸ் எழுதி, பின்னர் டெக்ஸாஸுக்கு வந்தவள். சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால் நம்மவர்கள் பலர் நியூயார்க் வழியாக வருகிறோம். டெக்ஸாஸுக்குக் கிளம்பும்போதுதான் மிச்சக் காகித வேலை தலைதூக்குகிறது.

நியூயார்க் கொடுத்த லைசென்ஸ் அங்கேயே இருக்கும். டெக்ஸாஸ் நர்சிங் போர்டு அதைச் சரிபார்த்துவிட்டுத் தன் பங்குக்குப் புதிதாக ஒன்று தரும். இதற்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர். விண்ணப்பத்தை வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் ஒரே மாலையில் நிரப்பிவிடலாம். நாள் இழுப்பதெல்லாம் மற்றவர்கள் அனுப்ப வேண்டியவைதான்.

அவற்றில் சுலபமானது நர்சிஸ். மாநில போர்டுகளின் லைசென்ஸ் விவரங்கள் சேரும் தளம் அது. அங்கே ஒரு லைசென்ஸுக்கு ஒரு போர்டுக்கு 30 டாலர் கட்டினால் டெக்ஸாஸ் உங்கள் விவரத்தைப் பார்த்துக்கொள்ளும். அதே தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கும் வசதியும் உண்டு. அதை அச்செடுத்து அனுப்பினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எண்டார்ஸ்மென்டுக்கு அது செல்லாது. கட்டணம் கட்டிய விவரமும் 90 நாட்கள்தான் அங்கே இருக்கும். எனவே விண்ணப்பம் போடும் சமயத்தில் கட்டுங்கள், ரொம்ப முன்னதாக வேண்டாம்.

கடினமானது நம் படிப்புச் சான்றுகள். வெளிநாட்டில் படித்த நர்சுகளின் சான்றுகளைச் சரிபார்க்கும் சி.ஜி.எஃப்.என்.எஸ். அமைப்பு (இப்போது ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது) நியூயார்க்குக்கு அனுப்பிய அறிக்கை நியூயார்க்கின் கோப்பில் இருக்கும், தானாக டெக்ஸாஸுக்குப் போகாது. வெளிநாட்டில் படித்தவர்களிடம் டெக்ஸாஸ் கேட்கும் மதிப்பீட்டு அறிக்கையைத் தனியாக அனுப்பச் சொல்ல வேண்டும். விண்ணப்பம் போடும் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். கல்லூரியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ மறுபடி ஏதாவது வர வேண்டியிருந்தால், ஊரிலிருக்கும் தம்பியோ சித்தப்பாவோ நேரில் போய் நின்றால்தான் காரியம் நகரும்.

இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கலைவாணி', பாஸ்போர்ட்டில் 'கலைவாணி சுப்பிரமணியன்', கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆவணத்தில் 'கலைவாணி முருகேசன்'. நமக்கு மூன்றும் ஒருத்திதான். போர்டின் கணினிக்கு மூன்று பேர். குடும்பப் பெயர் எது என்று கேட்கும் கட்டத்தில் ஓரிடத்தில் அப்பா பெயர், இன்னோரிடத்தில் கணவர் பெயர் என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும், அதைச் சொல்லும் கடிதமும் மெதுவாகத்தான் வரும். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். பழைய பெயர்கள் என்று கேட்கும் கட்டத்தில் மற்ற வடிவங்கள் அனைத்தையும், இனிஷியலோடு கூடியதையும் சேர்த்து, எழுதிவிடுங்கள். திருமணச் சான்றிதழைக் கையில் தயாராக வைத்திருங்கள்.

அடுத்து கைரேகை. குற்றப் பின்னணி சரிபார்ப்புக்காக எடுக்கிறார்கள். நாளெல்லாம் சானிடைசரில் கை கழுவுகிறவர்களுக்கு விரல் நுனியில் ரேகை தேய்ந்துதான் இருக்கும். எனக்கு ரேகை எடுத்தவர் என் ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தி, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, விரலைத் துடைத்து மறுபடி வைத்தார். "நர்சா?" என்று மட்டும் கேட்டார். ரேகை தெளிவில்லை என்று திருப்பினால் மறுபடி போய்க் கொடுக்க வேண்டும். போவதற்கு முந்தைய சில நாட்கள் விடுப்பு கிடைத்தால் நல்லது, இரவில் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். எடுக்கப் போகும் அன்று மட்டும் கை காய்ந்து சுத்தமாக இருக்கட்டும்.

தேர்வு இல்லை என்று சொன்னேன், ஒரு சின்னத் தேர்வு இருக்கிறது. டெக்ஸாஸின் நர்சிங் சட்டத்தைப் பற்றி இணையவழியில் எழுதுவது. சட்டத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கடனே என்று எழுதாதீர்கள். அதில் 'சேஃப் ஹார்பர்' என்று ஒரு பகுதி வரும். நோயாளிக்குத் தீங்கு நேரும் அளவுக்குப் பணியைத் தலையில் கட்டினால், அதை ஏற்கும் முன்பே இந்த விதியைச் சொல்லிப் பதிவு செய்யலாம். அப்படிச் செய்ததற்காக நிர்வாகம் பழிவாங்கக் கூடாது. ஆள் குறைவான ஓர் இரவு ஷிப்டில் அது தெரிந்திருப்பதற்கும் தெரியாததற்கும் நிறைய வித்தியாசம். டெக்ஸாஸ் எனக்குக் கொடுத்தவற்றில் லைசென்ஸைவிட இதைத்தான் உயர்வாக நினைக்கிறேன்.

எந்த மாநிலத்தை வசிப்பிடமாகக் காட்டுகிறீர்கள் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். ஒரே லைசென்ஸில் பல மாநிலங்களில் வேலை செய்ய விடும் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. 40க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப் பகுதிகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. டெக்ஸாஸ் 2000ஆம் ஆண்டிலிருந்தே அதில் உண்டு. நியூயார்க், கலிபோர்னியா, இல்லினாய் மூன்றும் வெளியே நிற்கின்றன. நியூயார்க் முகவரியிலிருந்தே விண்ணப்பித்தால் டெக்ஸாஸுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸ்தான் கிடைக்கும். வேலையில் சேர அது போதும். டாலஸில் குடியேறி டிரைவிங் லைசென்ஸ் எடுத்த பிறகு, அதைக் காட்டிப் பல மாநிலங்களுக்குச் செல்லும் லைசென்ஸாக மாற்றிக் கேளுங்கள். அதற்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம். பின்னால் கணவருக்கு புளோரிடாவில் வேலை கிடைத்தால் பழைய லைசென்ஸோடே அங்கே வேலையில் சேரலாம், குடியேறிய 60 நாட்களுக்குள் அந்த மாநில லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால் போதும். 2024 ஜனவரியில் வந்த விதி இது.

வேலை வாங்கித் தரும் ஏஜென்சிக்காரர்கள் "இரண்டு வாரத்தில் வந்துவிடும்" என்பார்கள். வரும், ஒரு காகிதமும் சிக்காமல் இருந்தால். லைசென்ஸ் எண் கையில் வரும்வரை நியூயார்க் வேலைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள், டாலஸ் மருத்துவமனைக்குச் சேரும் தேதியும் சொல்லாதீர்கள். தற்காலிக லைசென்ஸ் கிடைக்குமா என்று போர்டில் கேட்டுப் பாருங்கள், ஏஜென்சியில் கேட்காதீர்கள். எண்டார்ஸ்மென்ட் கட்டணத்தை மருத்துவமனை திருப்பித் தருமா என்பதை மட்டும் ஏஜென்சியிடம் கேளுங்கள், பல இடங்களில் தருகிறார்கள்.

நியூயார்க் லைசென்ஸை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அது ரத்து செய்யப்படாதவரை ஆயுளுக்கும் உங்களுடையது. மூன்று ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பது வேலை செய்வதற்கான பதிவை மட்டும்தான். திரும்ப அங்கே வேலை செய்யும் எண்ணம் இல்லையென்றால் பதிவைச் செயலற்றதாக வைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம், பிறகு வேண்டும்போது மறுபடி பதியலாம். வீடு மாறிய 30 நாட்களுக்குள் புது முகவரியை அங்கே தெரிவித்துவிடுங்கள்.