என் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தில் இருந்தார். சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அவருடைய பணிப்பதிவை எங்கே தேடுவது?

பெயரை வைத்துத் தேட ஆரம்பிக்காதீர்கள். பட்டாளத்துக் காகிதங்கள் படைப்பிரிவு வாரியாகவும், அதற்குள் ஒவ்வொரு சிப்பாய்க்கும் கொடுத்த படை எண் வாரியாகவும் இருக்கும். முனுசாமி, சித்தூர் என்று மட்டும் எழுதிக் கேட்டால் எந்த அலுவலகமும் பதில் சொல்ல முடியாது. அந்த ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள்.

எண் முதலில் வீட்டில்தான் கிடைக்கும். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது இல்லையென்றால் பதக்கத்தைப் பாருங்கள். முதல் உலகப் போரின் வட்டப் பதக்கங்களில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில் பொறித்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கமாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள். தேய்ந்திருந்தால் சாய்வான வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

பலமநேர் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டில் இரண்டுமே இல்லை. என் தாத்தாவின் எண் நிலக் காகிதத்தில்தான் கிடைத்தது. பட்டாளத்திலிருந்து திரும்பியவர் என்பதால் அவருக்கு டி.கே.டி. பட்டா, அதாவது அரசு நிலத்தை ஒதுக்கித் தரும் பட்டா, கொடுத்திருந்தார்கள். அதற்கு அவர் எழுதிய மனுவின் நகலில் எண்ணும் படைப்பிரிவும் இருந்தன: மெட்ராஸ் சாப்பர்ஸ், பாலமும் சாலையும் போடும் பொறியியல் படை. எனவே பத்திரங்கள் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். வயதான அத்தை, சித்தப்பா யாராவது இருந்தால் இப்போதே போய்க் கேளுங்கள். “பர்மாவில் பாலம் கட்டினாராம்” என்று அவர்கள் சொல்லும் ஒரு வரியே எந்தப் பிரிவு என்று காட்டிவிடும்.

ஊர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்தான். அதற்கு முன்னால் சேர்ந்தவர் வட ஆற்காட்டுக்காரராகத்தான் பதிவாகியிருப்பார். திருத்தணிப் பக்கம் என்றால் நேர்மாறு: 1960 வரை அது சித்தூர் மாவட்டம். இன்றைய மாநில எல்லையை மனதில் வைத்துத் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்காரர் என்றால் வழி ஓரளவு தெளிவு. சாப்பர்ஸ், இன்றைய மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், அதன் ஆவண அலுவலகம் பெங்களூரில். உடலுழைப்பு வேலைகளுக்கான பயனியர் கோர், உணவும் பொருளும் கொண்டுசெல்லும் சப்ளை கோரின் தெற்குப் பிரிவு இரண்டுக்கும் பெங்களூர்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். ஆனால் ஒன்றை மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள்: பென்ஷன் வாங்காமல் வெளியே வந்தவர்களின் பணி ஆவணங்களை 25 வருடம் கழித்து அழித்துவிடுவது ராணுவ விதி. போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏராளமானவர்கள் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். என் தாத்தாவுக்கும் அந்தப் பதில்தான் வந்தது. நான் விடவில்லை. ‘லாங் ரோல்’ என்று ஒரு பேரேடு உண்டு, அதை அழிப்பதில்லை. அதைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி, அப்பா பெயர், ஊர் என்று ஒரே ஒரு வரி வந்தது. எங்கள் ஊர்ப் பெயரை அதில் பார்த்தபோது அழுதுவிட்டேன். கடிதத்தில் ‘லாங் ரோல்’ என்ற சொல்லைக் கட்டாயம் போடுங்கள், உறவைக் காட்டும் சான்றையும் இணையுங்கள்.

முதல் உலகப் போர் என்றால் கடினம். நம் பக்கத்து ஆட்கள் இருந்த கர்நாடிக் காலாட்படைப் பிரிவுகள் 1920களில் கலைக்கப்பட்டன, மெட்ராஸ் பயனியர்ஸ் 1933இல். லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் இருக்கின்றன. ஆனால் சாதாரணச் சிப்பாயின் பணிப்பதிவு அங்கே கிடையாது. தேடித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2021இல் இணையத்தில் வெளியான பெரிய சிப்பாய்ப் பட்டியலும் பஞ்சாபுக்கானது, நமக்கு உதவாது.

அப்படியானால் என்ன மிஞ்சும்? படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு. இங்கிலாந்தின் கியூ ஆவணக் காப்பகத்தில் இவை இருக்கின்றன, பலவற்றை இணையத்தில் தரவிறக்கலாம். உதாரணமாக, 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியவர்களில் 61ஆம் பயனியர்ஸும் 63ஆம் பாளையங்கோட்டை காலாட்படையும் உண்டு. சிப்பாயின் பெயர் நாட்குறிப்பில் அநேகமாக வராது. ஆனாலும் அவர் இருந்த பட்டாளம் எந்த நாள் எங்கே இருந்தது என்று தெரியும்.

அவர் போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம் இலவசம். 1914–1921, 1939–1947 இறப்புகள் அதில் உண்டு. அங்கே ஆள் பெயரைப் போடுவதைவிட, கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் கிராமத்தின் பெயரையோ தாலுகாவின் பெயரையோ போடுங்கள். ‘இன்னாரின் மகன், இந்த ஊர்’ என்று நிறையப் பதிவுகளில் இருக்கிறது. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள்.

பதக்கமோ பட்டாக் காகிதமோ கிடைத்து எழுத்துப் புரியவில்லை என்றால், படத்தைக் கருத்துப் பகுதியில் போடுங்கள். எந்தப் பிரிவு, யாருக்கு எழுத வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.