செயற்கை மனிதர்கள் வரும் படங்களில் "யார் மனிதன்?" என்று உருட்டுகிறார்களே, அது நமக்கு எதற்கு?

கேள்வியில் நீங்கள் விரிவாக எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பிளேட் ரன்னர் மாதிரிப் படங்களை ஆகா ஓகோ என்கிறார்கள், மழையும் இருட்டும் தவிர ஒன்றும் விளங்கவில்லை, இவன் பிறந்தவனா செய்யப்பட்டவனா என்று இரண்டு மணி நேரம் கவலைப்படுவது வயிறு நிறைந்த நாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு அதில் என்ன இருக்கிறது?

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஊகிக்க முடிகிறது. விடுதி அறையில் யாரோ ஒரு சினிமாப் பைத்தியம் வற்புறுத்தி லேப்டாப்பில் போட்டுக் காட்டியிருப்பான். நீங்கள் பாதியிலேயே போனைக் கையில் எடுத்திருப்பீர்கள். அதில் தப்பில்லை, படம் மெதுவாகத்தான் போகும். ஆனால் "நமக்கு என்ன" என்ற அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சினிமா படித்தவன் இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். திரைமொழி, சட்டகம் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

ரிட்லி ஸ்காட்டின் பிளேட் ரன்னர் 1982-இல் வந்தது. எல்லோரும் அதன் கடைசியில் மழையில் நடக்கும் சாவைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைப் பிடித்தது முதல் காட்சி. ஒரு பெரிய கம்பெனி. கழிவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த லியோன் என்ற தொழிலாளியை ஓர் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். மேசை மேல் ஒரு கருவி. அது அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். அதிகாரி கேள்வி கேட்கக் கேட்க, கண்ணின் பாவை எப்படி விரிகிறது என்பதை வைத்து அவன் மனிதனா, ரெப்ளிகன்ட் என்ற செயற்கை ஆளா என்று கண்டுபிடிப்பார்கள். வாய்ட்-காம்ப் சோதனை என்று அதற்குப் பெயர். பாலைவனத்தில் மல்லாந்து கிடக்கும் ஆமையைப் பற்றி ஒரு கேள்வி வருகிறது. லியோனுக்கு வேர்க்கிறது. அப்புறம் அதிகாரி, உன் அம்மாவைப் பற்றி மனதில் தோன்றும் நல்ல விஷயங்களைச் சொல் என்கிறார். எனக்க அம்மையைப் பற்றியா, சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு லியோன் மேசைக்கு அடியிலிருந்தே சுட்டுவிடுகிறான். (எனக்க அம்மை என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. எனக்கு எங்கள் குமரிப் பேச்சில் அப்படித்தான் கேட்டது.)

அவனுக்கு அம்மா கிடையாது, அதனால்தான் கோபம் என்று விளக்குவார்கள். இருக்கலாம். நான் அதை வேறு மாதிரிப் பார்ப்பதற்குக் காரணம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கதி.

என் அம்மா கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிப் பருப்பு உடைக்கும் தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். முந்திரிக் கொட்டையின் தோட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோல் வெந்து உரியும். பெண்கள் கையில் சாம்பலும் எண்ணெயும் பூசிக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்துத்தான் போகும். கல்யாண வீட்டில் அம்மா கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கைதான் என்னைப் படிக்க வைத்தது என்று எழுதினால் சினிமா வசனம் மாதிரி ஆகிவிடும், ஆகவே விட்டுவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு அம்மாவுக்கு ஒரு பென்ஷன் வருகிறது. ஆயிரத்துச் சொச்சம். அதை வாங்க வருடத்துக்கு ஒரு தடவை, தான் உயிரோடு இருப்பதாக நிரூபிக்க வேண்டும். ஒரு காலத்தில் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்று வந்தது. விரலை வைத்தால் முடிந்தது. நல்ல ஏற்பாடுதான், நடக்க முடியாதவர்களுக்கு ரொம்ப நல்லது. யாரும் கிளம்பி வர வேண்டாம், நான் திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை.

பிளேட் ரன்னர் கதை நடப்பது 2019 நவம்பரில். எங்கள் கதையும் ஒரு நவம்பரில்தான். ஊருக்குப் பக்கத்தில் ஒரு சேவை மையத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி மேல் விரலை வைத்தார். சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு. மையத்திலிருந்த பையன் நல்லவன்தான், "பாட்டி, ஈரமா இருக்கும், தொடச்சிட்டு வையுங்க" என்றான். துடைத்தார். "நெத்தியில ஒரு தேய் தேச்சிட்டு வையுங்க." தேய்த்தார். பத்து விரலும் முடிந்தது. வரிசையில் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். நான் ரேஷன் கார்டை எடுத்தேன், பாஸ்புக்கை எடுத்தேன், வாக்காளர் அட்டையில் அம்மாவின் போட்டோவைக் காட்டினேன். பையன் அதைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், "அண்ணே, எனக்குத் தெரியுது. மெசின் எடுக்க மாட்டேங்குதே" என்றான்.

அம்மா அவனிடம் சொன்னார்: "மக்கா, நான் நாந்தானாக்கும். வேற ஆருலே எனக்க கையத் தூக்கிட்டு வருவா?"

வரிசையே சிரித்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.

அதே பிளேட் ரன்னரில் ரேச்சல் என்ற பெண் வருவாள். கம்பெனி முதலாளி டைரலின் அலுவலகத்தில் இருப்பவள். தான் ரெப்ளிகன்ட் என்பது அவளுக்கே தெரியாது. வழக்கமாக இருபது, முப்பது கேள்வியில் முடிகிற சோதனை அவளுக்கு மட்டும் நூறைத் தாண்டிப் போகும். பிறகு அவள், சோதனை செய்த டெக்கார்டின் (ரெப்ளிகன்ட்களைத் தேடிக் கொல்லும் போலீஸ்காரன், அவன்தான் கதாநாயகன்) வீட்டுக்கே வந்து, தானும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் போட்டோவைக் காட்டுவாள். அவன் அவளுடைய சின்ன வயது ஞாபகங்களை அவளுக்கே சொல்லிக் காட்டி, இதெல்லாம் உன்னுடையதல்ல, டைரலின் உடன்பிறந்தார் மகளுடையது, உனக்குள் வைத்திருக்கிறார்கள் என்பான். சேவை மையத்திலிருந்து வந்த பிறகு நான் அந்தப் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். போட்டோ காட்டும் இடத்தில் எனக்கு வந்த எரிச்சல் ரேச்சல் மேல் இல்லை, ரெப்ளிகன்ட் செய்த விஞ்ஞானம் மேலும் இல்லை. அந்த டெக்கார்ட் மேல்தான். ஒருத்தி ஆதாரத்தோடு வந்து நிற்கிறாள், நீ தீர்ப்புச் சொல்கிறாய்.

பின்னால் ஓர் இடத்தில் ரேச்சல் அவனிடம் கேட்பாள்: அந்தச் சோதனையை நீ எப்போதாவது எடுத்துப் பார்த்திருக்கிறாயா? பதில் வராது. அவன் தூங்கிப் போயிருப்பான். என்னைக் கேட்டால் முழுப் படமும் இந்த ஒரு கேள்விதான். சோதிக்கிறவனை யாரும் சோதிப்பதில்லை.

எந்திரன் பார்த்திருப்பீர்களே. அதிலும் இது இருக்கிறது, பாட்டுக்கும் சண்டைக்கும் நடுவில் யாரும் கவனிக்கவில்லை. சிட்டி என்ற ரோபோவை அங்கீகரிக்கலாமா என்று ஒரு குழு உட்கார்ந்து சோதிக்கிறது. நல்லது கெட்டது தெரியாத இயந்திரம் என்று சொல்லி, குழுவில் இருக்கும் விஞ்ஞானி போரா அதை நிராகரிக்கிறார். அந்த போரா அதே நேரத்தில் தீவிரவாதிகளுக்காக ரோபோ செய்துகொண்டிருக்கும் ஆள்! சிட்டிக்குச் சோதனை உண்டு, போராவுக்குக் கிடையாது. கடைசியில் நீதிமன்றம் சொன்னதும் சிட்டி தன்னைத் தானே கழற்றி வைத்துவிடும். பிறகு 2030-இல் அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளிக் குழந்தை அதனிடம் ஏன் என்று கேட்கும், சிந்திக்க ஆரம்பித்துவிட்டதால் என்று அது சொல்லும். டிஸ்டோபியா, அதாவது எதிர்காலம் கெட்டுப்போவதைக் காட்டும் கதை என்று தனியாக ஹாலிவுட்டில் தேட வேண்டியதில்லை.

இன்னொரு பொருத்தம் எனக்குப் பிடிக்கும். எந்திரன் வெளியானது 2010 அக்டோபர் 1. முதல் ஆதார் எண் மகாராஷ்டிராவின் டெம்பிலி கிராமத்தில் வழங்கப்பட்டது 2010 செப்டம்பர் 29. இரண்டு நாள் இடைவெளி. ஒரு பக்கம் இயந்திரத்துக்கு மனித முகம் கிடைத்தது, மறுபக்கம் மனிதனுக்கு 12 இலக்க எண். இதில் சதி எதுவும் இல்லை, தற்செயல்தான். வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.

இந்தச் சோதனை எனக்குப் புதிதும் இல்லை. படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனபோது வீடு தேடினேன். வாய் திறந்தால் போதும், "மலையாளியா?" குமரி மாவட்டம் என்றால், "அது கேரளாதானே?" 1954 ஆகஸ்டில் தமிழோடு சேர வேண்டுமென்று போராடி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்திருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டு வந்து சேர்ந்தோம். இதையெல்லாம் வாடகைக்கு வீடு கேட்கும்போது சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ஒரு வீட்டுக்காரர் என்னை வாழைப்பழம் சொல்லச் சொன்னார். சொன்னேன். "வாளப்பளம் நல்லாத்தான் சொல்றே" என்று பாராட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அவர் கொடுத்த சான்றிதழில்தான் நான் தமிழன்.

      

அம்மா விஷயம் எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. அந்த மாதம் ஒன்றும் நடக்கவில்லை, பென்ஷன் நின்றது. பிறகு போன் கேமராவில் முகத்தைக் காட்டி எடுக்கும் முறை இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. போட்டோவை வைத்து ஏமாற்றாமல் இருக்க, உயிருள்ள ஆள்தான் என்று தெரிய, கண்ணைச் சிமிட்ட வேண்டும். அம்மாவைத் திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்கார வைத்து, "அம்மா, கண்ணச் சிமிட்டுங்க" என்றேன். அவர் என்னை முறைத்தார். "எதுக்கு?" "உயிரோட இருக்கீங்கன்னு தெரியணுமாம்." "உனக்குத் தெரியல்லியா?" என்றார். அப்புறம் சிமிட்டினார். பச்சை வந்தது. நிலுவையோடு பணமும் வந்துவிட்டது.

அதனால்தான் கண்ணைப் பார்க்கும் கருவியை ஒரு படத்தில் காட்டினால் அது பணக்கார நாட்டுக்காரன் கற்பனை என்று எனக்குத் தோன்றுவதில்லை. 2017-இல் வந்த பிளேட் ரன்னர் 2049-இல் இன்னும் சுலபம், ரெப்ளிகன்டின் வலது கண்ணுக்குள்ளேயே வரிசை எண் இருக்கும். முதல் படத்தில் ஒரு செயற்கைப் பாம்பின் செதிலில்கூட எண் பொறித்திருப்பார்கள். அதை வைத்து யார் செய்தது என்று கண்டுபிடித்துவிடுவான் டெக்கார்ட். செய்யப்பட்ட பொருளுக்கு அடையாளம் எப்போதும் பக்கா. முந்திரி உடைத்துத் தேய்ந்த விரலுக்கும், ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட்டில் நனைந்த விரலுக்கும்தான் தகராறு.

அந்த 2049 படத்தில் கே என்ற போலீஸ்காரன் தான் ரெப்ளிகன்ட் என்று தெரிந்தே வாழ்கிறவன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவனை வெள்ளை அறையில் உட்கார வைத்து, சொற்களைத் திரும்பச் சொல்ல வைத்து, மனம் ஏதாவது அசைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் படத்தில் உணர்ச்சி குறைந்தால் குற்றம், இரண்டாவதில் உணர்ச்சி வந்தால் குற்றம். சின்ன வயதில் மரக்குதிரையை ஒளித்து வைத்ததாக அவனுக்கு ஒரு ஞாபகம். அது உண்மை, நான் ஒரு தாய்க்குப் பிறந்தவன் என்று நம்பத் தொடங்குவான். ஞாபகம் உண்மைதான், ஆனால் வேறொருத்தியுடையது. அதற்கப்புறமும் அவன் செய்ய நினைத்ததைச் செய்து முடிக்கிறான். எந்தக் கருவிக்கும் காட்டாமல், யாரிடமும் சான்று கேட்காமல். எனக்கு அவனைப் பிடித்தது அங்கேதான்.

"இது ஓவர் ரீடிங், ஸ்காட் பென்ஷனைப் பற்றியா படம் எடுத்தார்?" என்று பின்னூட்டம் வரும். எடுக்கவில்லைதான். 1968-இல் பிலிப் கே. டிக் எழுதிய மூல நாவலிலும் அண்டி ஆபீஸ் கிடையாது. நமக்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார், எனக்கு என்ன இருக்கிறது என்று சொன்னேன்.

திரும்பப் பார்ப்பதானால் ஸ்காட் திருத்தி 2007-இல் வந்த ஃபைனல் கட் என்ற பதிப்பைப் பாருங்கள். 1982-இல் திரையரங்கில் ஓடியதில் டெக்கார்ட் பின்னணியில் பேசிக்கொண்டே இருப்பான், முடிவும் ஒட்டவைத்த முடிவு. நீளம்தான் பிரச்சினை என்றால் 2009-இல் வந்த மூன் என்ற படத்தைப் பாருங்கள், அதிலும் இதே கேள்விதான், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான்.

டெக்கார்டே ரெப்ளிகன்டா இல்லையா என்று சண்டை பிடிக்க வருகிறவர்களுக்கு: ஸ்காட் ஆமாம் என்கிறார், நடித்த ஹாரிசன் ஃபோர்ட் பல வருடம் மனிதன்தான் என்று வாதாடினார். அவர்களுக்குள்ளேயே இவ்வளவு இழுத்தது, என்னிடம் கேட்காதீர்கள்.