போருக்கு முன் பாக்முத் எப்படிப்பட்ட ஊர்? உப்புச் சுரங்கங்களுக்காகத்தான் அங்கே சண்டை நடந்ததா?

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். 300 ஆண்டுகளுக்கு முன் பாக்முத்தில் மூண்ட சண்டை உப்புக்கானதுதான். ரஷ்ய-உக்ரைன் போரில் 2022, 2023ஆம் ஆண்டுகளில் அங்கே நடந்த சண்டைக்கு உப்பு முதன்மைக் காரணமன்று. ஆனால் அந்த நகரமே உப்பினால் உண்டானது என்பதால், உப்பை விட்டுவிட்டு அதன் வரலாற்றைச் சொல்ல முடியாது. நம் செய்தித்தாள்களில் அந்தப் பெயர் இடிந்த கட்டடங்களின் படங்களோடு மட்டுமே வந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடல்நீரைப் பாத்தி கட்டி வெயிலில் காயவைத்து உப்பு வாருவதையே பார்த்துப் பழகிய நமக்குப் பாக்முத்தின் உப்பு புதிதாகத் தோன்றும். கிழக்கு உக்ரைனின் தொனெத்ஸ்க் மாகாணத்தில், கடலோரம் அல்லாத உள்நாட்டில், பாக்முத்கா என்னும் சிற்றாற்றின் கரையில் அந்நகரம் இருக்கிறது. இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன் வற்றிப்போன கடலின் உப்பு அங்கே நிலத்துக்கடியில் பாறையாகப் படிந்து கிடக்கிறது. அதைக் கரைத்துக்கொண்டு வந்த நீர் உவர் ஊற்றுகளாக மேலே சுரந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறியவர்கள் அந்த நீரை இறைத்து, இரும்புக் கொப்பரைகளில் ஊற்றி, விறகெரித்துச் சுண்டக் காய்ச்சி, அடியில் படிந்த உப்பை வாரினார்கள்.

அந்தக் கொப்பரைகள் யாருக்குச் சொந்தம் என்பதில் தோன் ஆற்றுப் பகுதியின் போர்க்குடிகளான தோன் கசாக்குகளுக்கும், இசியும் நகரைச் சேர்ந்த கசாக் படைப்பிரிவினருக்கும் பகை முற்றியது. ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டரின் காலத்தில், 1703இல், அங்கே ஒரு கோட்டை எழுந்த பின்னும் அது அடங்கவில்லை. பாக்முத் கசாக்குகளின் தலைவரான கொந்த்ராத்தி புலாவின் தம் ஆட்களுடன் சென்று எதிர்த்தரப்பின் உப்பாலைகளைத் தாக்கினார். அதே மனிதர்தான் 1707இல், தப்பியோடி வந்த பண்ணையடிமைகளைப் பிடித்துச் செல்ல வந்த இளவரசர் தல்கரூக்கியைக் கொன்று, பேரரசையே எதிர்த்த பெருங்கிளர்ச்சியைத் தொடங்கினார். மறு ஆண்டே கிளர்ச்சி நசுக்கப்பட்டது, புலாவினும் மாண்டார். அக்கிளர்ச்சிக்கு அடிமைமுறையே பெருங்காரணம் என்றாலும், அதன் முதல் பொறி உப்பாலைச் சண்டையில் விழுந்தது என்றே நான் கருதுகிறேன்.

மரங்கள் அருகிய புல்வெளி நிலத்தில் உப்புக் காய்ச்ச விறகுக்கு எங்கே போவது? இந்த நெருக்கடியால் 1720களில் அப்பகுதியில் கண்டறியப்பட்ட நிலக்கரியை உப்படுப்புகளில் எரித்துப் பார்த்தார்கள். பின்னாளில், பாக்முத் அடங்கிய தொன்பாஸ் வட்டாரம் என்றாலே நிலக்கரி என்றானதன் தொடக்கத்தில் உப்புக் கொப்பரைக்கும் ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1780களில் கிரிமியா ரஷ்யாவின் கைக்குப் போனதும் அங்கிருந்து ஏரி உப்பு மலிவாக வந்தது. பாக்முத்தின் அடுப்புகள் அணைந்தன.

நூறாண்டு கழித்துத்தான் ஊருக்கு மறுவாழ்வு வந்தது. 1870களில் ஆழ்துளையிட்டு உப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். 1881இல் முதல் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. பக்கத்திலுள்ள சொலெதாரில் பிற்காலத்தில் பெருகிய சுரங்கங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 200 முதல் 300 மீட்டர் ஆழத்தில், சாம்பல் கோடுகள் ஓடும் வெண்சுவர்களுக்கு இடையே, பத்து மாடிக் கட்டடம் நிற்கும் அளவுக்கு உயர்ந்த கூடங்கள். அவற்றுள் ஒன்றில் சிம்பொனி இசைக்குழு கச்சேரி செய்திருக்கிறது. மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் உப்புக் காற்றைச் சுவாசித்தபடி இரவில் தங்குவதற்கான மருத்துவ இல்லமும் உள்ளேயே இருந்தது. அச்சுரங்கங்களை நடத்திய அர்த்தெம்சில் என்னும் அரசு நிறுவனமே உக்ரைனின் உப்புத் தேவையில் மிகப் பெரும் பகுதியை நிறைவு செய்தது. அர்த்யோம் என்ற போல்ஷெவிக் தலைவரின் நினைவாக 1924 முதல் பாக்முத் அர்த்தெமிவ்ஸ்க் என்று வழங்கியதிலிருந்து வந்த பெயர் அது. 2016இல் ஊர் பழைய பெயருக்குத் திரும்பியது. நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்நகரின் மிகக் கொடிய நாள் இந்த நூற்றாண்டில் வந்ததன்று. ஜெர்மானியப் படைகள் 1941 இலையுதிர்காலத்திலிருந்து 1943 செப்டம்பர் வரை ஊரைப் பிடித்து வைத்திருந்தன. 1942 ஜனவரியில் ஏறத்தாழ 3,000 யூதர்களை ஊருக்கு வெளியே இருந்த ஜிப்சம் சுரங்கத்துக்குள் ஓட்டிச்சென்று, வாயிலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஊர் விடுவிக்கப்பட்ட பிறகே சுவர் இடிக்கப்பட்டு உடல்கள் வெளியே எடுக்கப்பட்டன. 1950இல் அந்த ஜிப்சம் சுரங்கங்களில், 72 மீட்டர் ஆழத்தில், நுரைக்கும் ஒயின் தயாரிக்கும் ஆலை தொடங்கியது. இறந்தவர்களுக்கான நினைவிடமும் அதே நிலத்தடியில் பின்னர் அமைக்கப்பட்டது. பாக்முத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது.

2014இல் சில மாதங்கள் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகளின் கையிலிருந்த ஊரை உக்ரைன் மீட்டது. எழுபதாயிரம் பேர் வாழ்ந்த அந்த நகரின் மீது 2022 ஆகஸ்டில் தொடங்கிய தாக்குதல், வாக்னர் என்னும் ரஷ்யத் தனியார் படையின் தலைவர் பிரிகோசின் 2023 மே 20 அன்று வெற்றியை அறிவிக்கும் வரை நீண்டது. தம் ஆட்களில் 20,000 பேர் மாண்டதாக அவரே ஒப்புக்கொண்டார். க்ராமத்தோர்ஸ்க், ஸ்லொவியான்ஸ்க் நகரங்களை நோக்கிச் செல்லும் சாலைகள் அங்கே கூடுவதும், நீண்ட தோல்விகளுக்குப் பின் ரஷ்யத் தரப்புக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டதுமே முதன்மைக் காரணங்கள் என்பது என் கருத்து. படைகளையும் டாங்கிகளையும் மறைத்து வைக்கத்தக்க நிலத்தடி நகரங்கள் என்று பிரிகோசின் சுரங்கங்களைப் பற்றிப் பேசினார். அங்கும் அவர் கண்ணில் பட்டது உப்பன்று, உப்பை வெட்டியெடுத்த வெற்றிடமே. அர்த்தெம்சில் சுரங்கங்களோ 2022 வசந்தத்திலேயே குண்டுவீச்சால் நின்றுபோயிருந்தன. அதுவரை வெளிநாடுகளுக்கு உப்பு அனுப்பிய உக்ரைன், அந்த ஆண்டிலேயே சமையல் உப்பை இறக்குமதி செய்யத் தொடங்கியது.