வாசலில் ஒட்டிக்கொள்ளும் கால்: பார்க்கின்சனும் நடைப்பயிற்சியும்

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருடமாகிறது. கூடத்தில் நன்றாக நடப்பவர், குளியலறை வாசலுக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். கையைப் பிடித்து இழுத்தால் விழப் பார்க்கிறார். ஆனால் மாடிப்படி மட்டும் தடங்கலின்றி ஏறுகிறார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: பாவம், அவர்மேல் தவறில்லை. அடுத்த அடி எங்கே என்று யோசித்து யாரும் நடப்பதில்லை. மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் தொகுதிகள் அதைத் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறையும்போது அந்தத் தானோட்டம் திக்குகிறது. முதல் அடி, குறுகலான வாசல், திரும்பும் இடம், அவசரம் ஆகிய நான்கிலும் கால் உறைவது அதிகம். படிக்கட்டிலோ ஒவ்வொரு விளிம்பும் ‘இங்கே வை’ என்று கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. பார்த்து வைக்கும் அடி மூளையில் வேறு பாதையில் போகிறது. அந்தப் பாதையை வாசலுக்கும் கொண்டுவரலாம்.

தரையின் நிறத்துக்கு நேரெதிரான நிறத்தில், இரண்டு அங்குல அகலமுள்ள ஒட்டுநாடா வாங்குங்கள். நடக்கும் திசைக்குக் குறுக்கே, ஏணிப்படிபோல் ஒட்டுங்கள். நீளவாக்கில் ஒட்டினால் பலன் இருக்காது. கோடுகளுக்கு இடையே அவர் வசதியாக எட்டி வைக்கும் தூரம் இருக்கட்டும். பலருக்கு 40 முதல் 50 செ.மீ. சரிப்படும். வாசலுக்கு முன்னே மூன்று, தாண்டிய பிறகு மூன்று. நிலையருகே கோடு முடிந்தால் கால் அங்கேயே நின்றுவிடக்கூடும். ஓரம் பெயர்ந்த நாடாவை அன்றே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அதுவே தடுக்கிவிடும்.

கால் உறைந்தபின் இழுக்கவே கூடாது. உடல் முன்னே வரும், பாதம் வராது; அப்புறம் விழத்தானே வேண்டும்? நிற்கச் சொல்லுங்கள். ஒரு மூச்சு. நிமிரட்டும். உடல் எடையை இடமும் வலமுமாக இரண்டு மூன்று முறை மாற்றட்டும். பாரம் இறங்கிய காலை, குதிகால் முதலில் படும்படி நன்றாக எட்டி வைக்கட்டும். “ம், சீக்கிரம்” என்று பின்னாலிருந்து சொல்வதுதான் இருப்பதிலேயே கெடுதல்.

கேள்வி: காலையில் மாத்திரைக்கு முன் நடப்பதா, பின்பா? எவ்வளவு நேரம்?

பதில்: மாத்திரை வேலை செய்யும் நேரத்தில். மூளையில் டோபமைனாக மாறும் மருந்தான லெவோடோபா பலருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிடிக்கும். புரதம் நிறைந்த உணவோடு சேர்ந்தால் சிலருக்குத் தாமதமாகும், ஏனெனில் இரண்டும் உடலுக்குள் ஒரே வழியில் போகப் போட்டி போடுகின்றன. ஒரு வாரம் குறிப்பேட்டில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், கால் இலகுவான நேரம், மறுபடி கனத்த நேரம். நடக்க வேண்டிய வேளை அதிலேயே தெரிந்துவிடும். மருத்துவருக்கும் அந்தத் தாள் உதவும். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

வாரத்துக்கு 150 நிமிடம் இலக்கு. பத்துப் பத்து நிமிடமாகவும் சேர்க்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். எழுந்ததும் கிறுகிறுப்பு வந்தால், படுத்த நிலையில் ஒருமுறையும் எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு முன்பிருந்ததைவிட 20 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால், நடைக்குக் கிளம்புமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: கைப்பேசியில் மெட்ரோனோம் (நிமிடத்துக்கு இத்தனை என்று சீராகத் தாளம் தட்டும் செயலி) வைத்து நடக்கச் சொன்னார்கள். எந்த எண்ணில் வைப்பது?

பதில்: அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். நேரான, தடையில்லாத இடத்தில் இயல்பாக நடந்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். 96 என்றால் 96-இலேயே தொடங்குங்கள். ஒரு வாரம் பழகியபின் ஐந்து சதவீதம் கூட்டி 101 வைக்கலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: தாளத்தைப் பிடிக்கும் அவசரத்தில் அடி குறுகி, உடல் முன்னே சாய்ந்து, ஓட்டமும் நடையுமாகிவிடும். அடி குறுகுவது கண்ணில் பட்டதும் எண்ணைக் குறையுங்கள். கால் உறைபவர்களுக்குக் கூட்டவே வேண்டாம். பத்து சதவீதம் குறைத்து 86 அளவில் வைத்து, அடி நீளத்தில் மட்டும் கவனம் செலுத்துவது நல்லது.

கேள்வி: சமையலறையில் திரும்பும்போதுதான் விழுகிறேன்.

பதில்: ஒரு காலை ஊன்றிச் சுழல்கிறீர்கள், மற்றக் கால் பின்தங்கிப் பின்னிக்கொள்கிறது. இடமிருந்தால் அரைவட்டமாகச் சுற்றி வாருங்கள். இடமில்லையென்றால் கடிகார முகத்தின் நடுவில் நிற்பதாக நினைத்து, 12, 3, 6 என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பாதங்களைத் தூக்கி வையுங்கள். மூன்றுக்கு ஒரே தாவலில் போக முடியாவிட்டால் நடுவில் 1, 2 என்றும் வைக்கலாம். கையில் பாத்திரத்தோடு திரும்ப வேண்டாம். மேடைமேல் நகர்த்திவிட்டுத் திரும்புங்கள்.

கேள்வி: கணவரோடு கூட நடக்கும்போது பேசிக்கொண்டே போகலாமா?

பதில்: இந்த நோயில் நடையே கவனம் கேட்கும் வேலை. பேச்சு அந்தக் கவனத்தில் பங்கு கேட்கும்; அடி சுருங்கும். வேகத்தைச் சோதிக்க ஒரு வாக்கியம் போதும். மற்றதை நின்று பேசுங்கள், முடித்துவிட்டு முதல் அடியை மறுபடி நீளமாகத் தொடங்கட்டும்.